அவள் ஒதுக்கி வைத்த எழுத்து

பெரகலைச் சந்தியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே படியேறினால் இரண்டாவது கதவு என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக் கொப்பி மெஷின், லெமினேட் பண்ணும் பெட்டி. அவ்வளவுதான். கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், பிள்ளை பெரியவளானால் வாசலில் கட்டும் பேனர், ஆள் செத்தால் லயத்து வரிசை வீட்டுச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டும் மரண அறிவித்தல் எல்லாம் செய்து கொடுப்பேன். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பாதிப் பேரின் பேரையாவது ஒரு தடவை என் கையால் அடித்திருப்பேன். என் மனைவியின் பேரை மட்டும் அவள் உயிரோடு இருந்தவரை நான் அடிக்கவில்லை.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிறகு பதுளையில் ஒரு அச்சுக்கடையில் தூசி தட்டவும் காகிதம் வெட்டவும் சேர்ந்தேன். முதலாளியின் மகன் வெளிநாடு போனதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, எழும்பச் சொல்லவும் இல்லை. அப்படித்தான் பழகினேன். தமிழ் அடிக்க ஆங்கிலம் வேண்டாம், எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று விரலுக்குத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் பொத்தான்களில் இருக்கும் சொற்கள். ஓப்பன், சேவ், பிரிண்ட், டிலீட்.

அவள் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அவர்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பின்னேர பஸ்ஸில் கடைக்கு வருவாள். நான் அடித்து வைத்ததை வாசித்துப் பிழை திருத்துவாள். ஆட்கள் இருந்தால் வாயைத் திறக்க மாட்டாள். பென்சிலால் ஒரு சுழி போட்டு என் பக்கம் தள்ளுவாள். நான் ஐந்தாம் வகுப்புக்காரன் என்பதை அவள் ஒரு நாளும் வெளியாட்களுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஃபொன்ட் சேர்க்கும் பழக்கம் எனக்கு அந்தக் காலத்தில்தான் வந்தது. ஒரே எழுத்தைத் தடித்ததாக, மெலிந்ததாக, சாய்ந்ததாக, கையால் எழுதியது போல என்று பல விதமாக வரைந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு விதமும் ஒரு ஃபொன்ட். கடைக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. "போன மாசம் மேக்கணக்குத் தோட்டத்துக்காரனுக்குப் போட்ட எழுத்து வேணாம், வேற எழுத்துப் போடுங்க" என்பார்கள். வேறு எழுத்துக்கு நான் எங்கே போவது? காசு கொடுத்து வாங்குகிற நிலையில் இல்லை. இன்டர்நெட்டில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடினேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் இறங்கும் என்று ஒருவர் சொன்னார். ஒரே பக்கத்தில் நாலு பச்சைப் பொத்தான் இருந்தது. மூன்று பொய். அது தெரியாமல் அமுக்கி இரண்டு தடவை வைரஸ் வாங்கினேன்.

அதன் பிறகு அவள் வரும்வரை காத்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பாள். பொத்தானைத் தொடுவதற்கு முன் கீழே எறும்பு ஊர்வது போல இருக்கும் சின்ன எழுத்தையும் வாசிப்பாள்.

"இது சொந்தப் பாவனைக்குத்தான் சும்மா. கடைக்குன்னா கேக்கணுமாம். விடுங்க."

"யாரு வந்து பாக்கப் போறா? பெரகலைக்கா வரப்போறான்?"

"வராட்டியும் ஒடையவன் ஒருத்தன் இருக்கான்ல."

விட்டுவிடுவோம். அப்படி எவ்வளவோ நல்ல எழுத்துகளை விட்டிருக்கிறோம். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருக்கும்.

இறக்கிய ஒவ்வொன்றுக்கும் அவள் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் கணக்கு வைத்தாள். கோடு போட்டு மூன்று பத்தி. முதலாவதில் ஃபொன்டின் பேர், நான் வாசிக்கிற மாதிரி தமிழில். இரண்டாவதில் இன்னென்ன எழுத்து சரியில்லை, சுழி தூக்கி நிற்கிறது, புள்ளி பக்கத்து எழுத்தில் ஏறுகிறது என்கிற குறை. மூன்றாவதில் எதற்கு உதவும் என்று. சாவு, கல்யாணம், கோயில், தேர்தல், கடை போர்டு. கம்ப்யூட்டரிலும் அதே பேர்களில் பெட்டிகள் போட்டுப் பிரித்து வைத்தாள். ஒவ்வொரு ஃபொன்டிலும் நான் ஒரு சொல் அடித்து மாதிரித் தாள் எடுத்து ஒரு ஃபைலில் கோர்ப்பேன். எல்லாத் தாளிலும் 'அம்மா' என்றே அடித்தேன். வேறு என்ன அடிப்பது என்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் அந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

"பொரட்டுற பக்கமெல்லாம் அம்மா அம்மான்னு அழுவுது. ஒன்னுலயாவது என் பேர அடிச்சா கை தேஞ்சிருமா?"

நான் சிரித்தேன். அடுத்த தாளைக் கோர்த்தேன்.

அந்த எழுத்து கிடைத்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. மழை பெய்துகொண்டிருந்தது, சந்தியில் கரண்ட் போய்ப் போய் வந்தது. பெரிதாகப் பேர் பெற்ற ஃபொன்ட் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் செய்து, தனியாக ஒரு பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். உருண்டையான எழுத்து. வால்கள் வெட்டினது போல முடியாமல், கரண்டியில் மாவை ஊற்றிக் கல்லில் இழுத்துவிட்டது போல மெல்ல மெலிந்து முடியும். சின்ன எழுத்தை அவள் வாசித்தாள். எடுத்துக்கொள்ளலாம், எதற்கும் பாவிக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், விற்க மட்டும் கூடாது என்று போட்டிருந்தது.

"நல்ல மனுசன்" என்றாள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "இதுல என் பேரு நல்லா இருக்கும். அடிச்சுக் காட்டுங்களேன்."

கடையில் கோயில் கமிட்டித் தலைவர் உட்கார்ந்திருந்தார். திருவிழா நோட்டீசுக்காக வந்து மழையில் மாட்டிக்கொண்டவர். அவர் காதில் விழுந்துவிட்டது.

"அடிச்சுக் குடுங்க தம்பி. வீட்டுக்காரம்மா எலக்சன் கேக்கப் போறாங்க போல."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் புருசன் பெஞ்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. நான் 'இந்தா' என்பேன், அவள் 'இங்க பாருங்க' என்பாள். மகள் பிறந்த பிறகு மகளின் பேரைச் சொல்லி அவளுடைய அம்மா என்பேன். கல்யாணப் பதிவில் ஒரு தடவை சொன்னதோடு சரி. அந்தப் பேரை ஆள் பார்க்கத் திரையில் பெரிதாக அடிப்பது எனக்குச் சட்டை இல்லாமல் சந்தியில் நிற்பது போல இருந்தது.

"பெறகு பாப்பம்" என்றேன்.

அவள் திரையை விட்டுத் திரும்பினாள். கொப்பியை எடுத்து எழுதினாள். குறை என்கிற பத்தியில் ஒரு கோடு. எதற்கு என்கிற பத்தியில் 'எனக்கு' என்று எழுதினாள். வீட்டுக்குப் போகும்போது படியில் வைத்துச் சொன்னாள்.

"இத சாவுக்குப் போட்டுறாதீங்க."

நான் போடவில்லை. அந்த ஒன்றில் அவள் சொன்னபடி நடந்தேன்.

அடுத்த வருஷம் அவள் தங்கைக்கு வெலிமடையில் மாப்பிள்ளை அமைந்தது. கார்டு எங்கள் கடையில்தான். வழக்கமாகத் தலைப்புக்கு மட்டும் அழகு எழுத்தைப் போட்டுவிட்டு, கிழமை, நேரம், இடத்தையெல்லாம் சாதாரண எழுத்தில் அடிப்பேன். அவள் விடவில்லை. கார்டு முழுக்க அந்த எழுத்திலேயே வரவேண்டும் என்றாள். அடித்தேன். வாசிப்பதற்குக் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் அழகாக இருந்தது. கார்டு பல கைக்குப் போயிற்று.

பண்டாரவளையில் பெரிதாக அச்சுக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவேன். என் பேனர்களை அவரிடம்தான் அடிக்கக் கொடுப்பேன். கல்யாணம் முடிந்து சில வாரங்களில் அப்புத்தளைப் பக்கம் வந்தவர் படியேறி என் கடைக்கு வந்தார். கையில் அந்தக் கார்டு.

"தம்பி, இது என்ன ஃபொன்ட்? எங்கட பொடியன்மார் எல்லாம் தேடிப் பாத்துட்டாங்க. கெடைக்கல்ல."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஃபொன்டை யாரும் லேசில் கொடுக்க மாட்டார்கள். வெளிக்கடைக்கு வேலை அனுப்பும்போது எழுத்தையெல்லாம் கேர்வ் பண்ணித்தான் அனுப்புவோம். அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோட்டுப் படமாக மாற்றிவிடுவது. பிறகு அதில் எழுத்துப் பிழை இருந்தால்கூடத் திருத்த முடியாது. என்ன ஃபொன்ட் என்றும் யாருக்கும் தெரியாது. அடுத்த மெஷினில் எழுத்து மாறிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் பாதிக் காரணம் ஒளிப்பதுதான். என்னிடம் இருந்த ஒரே பெருமை அந்த எழுத்துப் பெட்டிகள். பெரிய கடைக்காரரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்று நினைக்கும்போது நான் ஐந்தாம் வகுப்பு என்பது மறந்துபோகும்.

"அது ஃபொன்ட் இல்ல நானா. கையால எழுதினது. பதுளையில ஒரு ஆள் எழுதிக் குடுத்தாரு."

அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பிடியா" என்று சொல்லிவிட்டுக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவள் உள்ளே மாவுப்பசை கரைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "யாருக்கும் குடுக்கலாம்னுதான் போட்டிருந்திச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு வருஷங்கள் போயின. ஒரு தடவை ஹார்ட் டிஸ்க் செத்து, செய்த வேலைகளெல்லாம் போயிற்று. தங்கையின் கார்டும் அதோடு போனது. ஃபொன்ட்கள் பென் டிரைவில் இருந்ததால் தப்பின. புதிதாக வாங்கிய மெஷினில் அவளே உட்கார்ந்து திரும்பப் பிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்த எழுத்தை நாலு வேலைக்குத்தான் போட்டேன். பிள்ளைக் காம்பராக் கலை விழா பேனர் ஒன்று, பூப்புனித நீராட்டு விழா பேனர் ஒன்று, ஒரு தையல் கடை போர்டு, ஒரு பலசரக்குக் கடை போர்டு.

அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது பிள்ளைகளைத் தூக்கி நிற்பதால் என்று நினைத்தோம். சிறுநீரகம் என்று பிறகுதான் தெரிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மத்தியானம் கடை திறப்பேன். என் துணிகளை நானே துவைத்த நாட்கள் அவை. அப்படி ஒரு நாள் பென் டிரைவைச் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். மெஷினில் எல்லாம் இருக்கிறதே என்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த வாரம்தான் மெஷின் திணற ஆரம்பித்தது. ஒரு எழுத்து அடித்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், அப்போதுதான் திரையில் வரும். எதிர்க் கடையில் போன் திருத்துகிறவர் வந்து பார்த்தார்.

"இவ்வளவு ஃபொன்ட் ஏத்தி வச்சா மெஷின் என்னத்துக்கு ஆகும்ண்ணே? வேணாததத் தூக்குங்க."

வாசலில் இரண்டு பேர் மரண அறிவித்தலுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பின்னேரம் அடக்கம். நோட்டீசை அதற்கு முன் நாலு தோட்டத்தில் ஒட்ட வேண்டும். நான் உட்கார்ந்து தூக்கினேன். பேரைப் பார்த்து அடையாளம் தெரியாததை எல்லாம் தூக்கினேன். பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை. சாவு, கல்யாணம், கோயில் என்று தமிழில் பேர் வைத்த பெட்டிகளை விட்டேன். கடைசியில் ஒரு பெட்டி, பேர் வைக்காதது. நியூ ஃபோல்டர் என்று மெஷின் தானாக வைத்த பேரே இருந்தது. அந்த இரண்டு சொல்லையும் எனக்கு வாசிக்கத் தெரியும். யாரும் எதற்காகவும் வைக்காத பெட்டி, மிச்சம் மீதி கிடக்கும் என்று நினைத்தேன். டிலீட். குப்பைக் கூடையையும் காலி பண்ணினேன். மெஷின் லேசாகிவிட்டது. நோட்டீஸ் நேரத்துக்குப் போனது.

கொப்பி மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம்.

அவள் வீட்டுக்கு வந்தாள், திரும்பப் போனாள், திரும்ப வந்தாள். கடைக்கு மட்டும் அதன் பிறகு வரவில்லை. படி ஏற முடியாது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாம் நாள் காலமானாள்.

அவளுடைய மரண அறிவித்தலை நான் செய்யவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். உறவுக்காரர்கள் அப்புத்தளையில் ஒரு கடையில் அடித்துக்கொண்டு வந்து ஒட்டினார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று கறுப்புத் தலைப்பு, எல்லாருக்கும் போடும் அதே நாலு வரிக் கவிதை. அவள் பேரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. என்னைத் தேற்ற வந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? மூன்று நாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பென்சில் சுழி போட ஆள் இல்லை.

அவள் போய் ஒரு வருஷம் முடியும் நேரத்தில் மகள் வந்தாள். கல்யாணம் செய்து வெலிமடையில் இருக்கிறாள். சமாதிக்கு ஒரு கல் வைக்கலாம் என்றாள். பதுளையில் கல்லில் மெஷினால் எழுத்து வெட்டிக் கொடுக்கும் ஒருவருக்குப் போன் பண்ணினேன்.

"நீங்க தொழில்காரர்தானே, நீங்களே எழுத்த அடிச்சு கேர்வ் பண்ணி அனுப்புங்கண்ணே. திவசத்துக்கு ரெண்டு கெழமைக்கு முந்தி கெடைச்சாப் போதும்."

என்ன எழுத்தில் அடிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. அது முன்பே முடிவானது. நோட்டீஸ் மழையில் கரைந்துபோகும், கல் இருக்கும். பத்து வருஷம் தள்ளிப்போட்டதை இதிலாவது செய்துவிட வேண்டும். சாவுக்குப் போடாதே என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கொப்பியில் 'எனக்கு' என்று இருந்ததும் ஞாபகம் வந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

மெஷினைத் திறந்து தேடினேன். இல்லை. எல்லாப் பெட்டியிலும் தேடினேன். அப்போதுதான் அந்த நியூ ஃபோல்டர் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்குப் பிடித்ததை எல்லாம் அதில் போட்டிருக்கிறாள். பேர் வைக்க அவளுக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

கொப்பியில் ஃபொன்டின் பேர் தமிழில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஏழெட்டு விதமாக அடித்துத் தேடினேன். மகளும் போனில் தேடினாள். ஒரு வழியாக அந்தப் பக்கத்தின் பேர் கிடைத்தது. திறந்தால் வெறும் வெள்ளை. அந்த நல்ல மனுசன் கடையை மூடிவிட்டார், அல்லது அவரும் போய்விட்டார். தெரியாது.

மிஞ்சியது நான் கேர்வ் பண்ணி வைத்திருந்த அந்த நாலு வேலை. ஒளிப்பதற்காகக் கோட்டுப் படமாக மாற்றியது. அதனால்தான் அந்த எழுத்தின் உருவம் அதிலாவது இருந்தது. அவள் பேரில் ஆறு எழுத்து. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்று கலை விழாவில் கிடைத்தது, இரண்டு தையல் கடையில், ஒன்று பூப்புனித நீராட்டு விழாவில், ஒன்று பலசரக்குக் கடையில். மற்றவர்கள் பேரை, மற்றவர்கள் விழாவைப் பிய்த்து அவள் பேரைச் சேர்த்தேன். ஐந்து வந்துவிட்டது. முதல் எழுத்து வரவில்லை. ஞா.

கால் கிடைத்தது, ஞ இல்லை. ஒவ்வொரு நாளும் நான் ஞ அடிக்கிறேன். கண்ணீர் அஞ்சலி என்று நூறு தடவை, ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் எல்லா ஃபொன்டிலும் அந்தச் சொல்லை அடித்துப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் அடித்ததில்லை, அவள் வேண்டாம் என்றதால். மாதிரித் தாளைப் புரட்டினேன். அதில் 'அம்மா' என்று இருந்தது. அன்றைக்கு அவள் கேட்டபோது ஒரு நிமிஷம் அடித்திருந்தால் அந்தத் தாளில் ஆறு எழுத்தும் இருந்திருக்கும்.

தங்கையின் கார்டில் ஞ உண்டு. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, கிழமையையும் அந்த எழுத்திலேதான் அடித்தேன். தங்கைக்குப் போன் பண்ணினேன்.

"அந்தக் கார்டா அத்தான்? கூரத் தகரம் ஒழுகி கல்யாணப் போட்டோ அல்பமே நனைஞ்சு போச்சே. ஒன்னும் மிஞ்சல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா நெனப்பு வந்துருச்சா?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

இன்னொரு கார்டு இருக்கக்கூடிய இடம் எனக்குத் தெரியும்.

பண்டாரவளைக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போனேன். முதல் தடவை கடை வாசல்வரை போய், உள்ளே ஆட்கள் நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது தடவை நானாவே என்னைக் கண்டு கூப்பிட்டார்.

"என்ன தம்பி, ரோட்டுல நிக்கிறீங்க. போன கெழமையும் வந்து நின்டீங்களாமே. உள்ள வாங்க."

உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கல்லைப் பற்றிச் சொன்னேன், ஃபொன்டை டிலீட் பண்ணினதைச் சொன்னேன், ஒரு எழுத்து குறைகிறது என்று சொன்னேன். கார்டைப் பற்றி வாயில் வரவில்லை. அவர் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து தடித்த ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஊர் ஊராகச் சேர்த்த கார்டுகள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அவரும் என்னைப் போலத்தான். புரட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இதுதானே?"

மஞ்சள் ஓரம் போட்ட கார்டு. அவள் தேர்ந்தெடுத்த காகிதம்.

"இது கையால எழுதினதுன்டு நீங்க சொன்னீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "அன்டைக்கே தெரியும் எனக்கு. இந்தா பாருங்க, இங்க ஒரு க, இங்க ஒரு க. ஒன்டுக்கு மேல ஒன்ட வச்சாப் பொருந்தும். கையால எழுதினா மனுசனுக்கு அப்பிடி வருமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டு வாங்க எனக்கும் வெக்கமாப் போச்சு. அதான் கார்டையே வச்சிக்கிட்டேன்." உறையிலிருந்து கார்டை உருவி என் முன்னால் வைத்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க. அன்டைக்கு ஒங்க வீட்டுக்காரம்மா உள்ள இருந்தாங்கல்ல. போகும்போது பாத்தேன், முகம் ஒரு மாதிரி ஆகிடிச்சி."

அதை அவர் கவனித்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

அன்று அவருக்கு அந்த ஃபொன்டைக் கொடுத்திருந்தால், இன்றைக்கு அவர் மெஷினில் அது இருந்திருக்கும். ஆறு எழுத்தும் இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது நானே சொல்லிக்கொண்டேன்.

கார்டை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினேன். சின்ன எழுத்து, பெரிதாக்கினால் ஓரமெல்லாம் எலி கடித்தது போல இருந்தது. மேலே புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தேன். அந்த ஞவின் உள்சுழிக்கு மட்டும் ஒரு மத்தியானம் போனது. வாலை இழுத்துவிடும் இடம் எனக்குச் சரியாக வரவில்லை. அந்த எழுத்தைச் செய்தவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு எழுத்துக்கும், யாரென்றே தெரியாதவர்களுக்காக என்று அப்போதுதான் நினைத்தேன். இவ்வளவு வருஷம் இலவசம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

ஆறு எழுத்தையும் வரிசையில் வைத்தேன். கடையில் யாரும் இல்லை. இருந்தும் கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தேன்.

பதுளையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, மொத எழுத்து மத்ததவிடக் கொஞ்சம் தடிப்பா இருக்கு. சரி பண்ணிறவா?"

"வேணாம். அப்படியே வெட்டுங்க."

"கீழ கவிதை ஒன்னும் அனுப்பலியே."

"இல்ல. பேரும் ரெண்டு தேதியும் போதும்."

கவிதைக்கு என்னிடம் எழுத்து இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

மிச்சமிருக்கும் ஃபொன்ட்களை எல்லாம், சாவுப் பெட்டி கல்யாணப் பெட்டி என்று பிரித்தபடியே, ஒரு புது பென் டிரைவில் ஏற்றி நானாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொப்பியையும் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். 'எனக்கு' என்று இருந்த வரியில் விரல் நின்றது. பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

திவசத்தன்று காலையில் கல்லை வைத்தோம். தோட்டத்துச் சமாதிக் காடு தேயிலை மலைக்கு நடுவில், சரிவில் இருக்கிறது. காற்று அடித்துக்கொண்டே இருக்கும். சீமெந்து காய்வதற்காகக் கொஞ்ச நேரம் நின்றோம். வந்தவர்கள் கல் நல்ல கல் என்றார்கள், எவ்வளவு கனம் இருக்கும் என்று பேசினார்கள். எழுத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே கவிதை எழுதாமல் விட்டுவிட்டீர்களா என்று ஒருவர் மகளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

எல்லாரும் கீழே இறங்கிய பிறகும் நானும் மகளும் நின்றோம். மகள் குனிந்து ஈரத் துணியால் கல்லைத் துடைத்தாள். எழுத்துகள் தெளிவாக வந்தன. வால்கள் மெல்ல மெலிந்து முடிந்தன, ஞ மட்டும் கொஞ்சம் தடித்து நின்றது. அவள் சொன்னது சரிதான். அந்த எழுத்தில் அவள் பேர் நன்றாகத்தான் இருந்தது.

'இந்தா, அடிச்சிருக்கேன், பாரு' என்று சொல்ல வாய்வரை வந்தது. பக்கத்தில் மகள் நின்றாள். நான் சொல்லவில்லை.